பிறவி யாளி

மருதாபுரி ராஜகுலத்தில் ஆண்பிள்ளைகள் வலது தோளில் யாளி முத்திரையோடுதான் பிறப்பார்கள். அப்படித்தான் புலவர்கள் பாடினார்கள். உண்மையில் நாலு வயதில் திரைக்குப் பின்னால் உட்காரவைத்துப் பச்சை குத்துவார்கள். பிள்ளை அலறுவது வெளியே கேட்காமலிருக்க முரசு அடிப்பார்கள். மன்னர் வீரகேசரிக்கும் அப்படிக் குத்தியதுதான். ஆனால் பாட்டைக் கேட்டுக் கேட்டு, தாம் முத்திரையோடு பிறந்ததாகவே அவர் நம்பிவிட்டார். முகஸ்துதிக்கு அந்தச் சாமர்த்தியம் உண்டு.

ராணி சௌந்தரவல்லிக்கு ஆண் குழந்தை பிறந்தது. தோள் வெறுமையாக இருந்தது. பட்டம் தன் பிள்ளைக்கு வரவேண்டுமென்று மன்னரின் சித்தப்பா மகன் உத்தமராயன் இதற்காகத்தான் காத்திருந்தான். தன் கைக்குழந்தையைச் சபைக்குத் தூக்கிவந்து தோளைக் காட்டினான். பளிச்சென்று யாளி இருந்தது.

"அண்ணா, இது பிறவி முத்திரை. அங்கே இல்லையென்றால் என்ன அர்த்தம்? அதையும் என் வாயால் சொல்ல வேண்டுமா?"

மன்னர் முகம் கறுத்தது. பொழுது சாய்வதற்குள் ராணியும் குழந்தையும் காட்டுக்குப் போகவேண்டும் என்று உத்தரவிட்டார். சபையிலிருந்த ராணி பிள்ளையை இறுக அணைத்துக்கொண்டாள்.

விகடகவி நாகலிங்கன் யோசித்தான். வாயைத் திறந்தால் தன் தலை போகும், மூடிக்கொண்டால் ஒரு பச்சைக் குழந்தை போகும். எழுந்தான்.

"மகாராஜா, போன போரில் தங்கள் முன்பல் உடைந்ததே. இளவரசருக்குப் பல் முளைக்கும்போது அந்த இடம் காலியாகவே இருக்குமா?"

"உளறாதே. அடிபட்டுப் போனது பிள்ளைக்கு எப்படி வரும்?"

"ஊசியால் குத்தியது மட்டும் எப்படி வரும்? தங்களுக்குக் குத்திய அன்று முரசடித்தவர்களில் நானும் ஒருவன். கை ஓய்ந்துபோகும்வரை அடித்தோம், தாங்கள் அழுகையை நிறுத்தவில்லை."

சபை தரையைப் பார்த்தது. மன்னர் தோளைத் தடவிக்கொண்டார். மெல்ல நினைவு வந்தது.

"பிறவியில் வருவது வேறு, மகாராஜா. இளவரசரின் சுண்டுவிரல் உள்பக்கம் வளைந்திருக்கிறது. காலமான தங்கள் தாயாருக்கும் அப்படித்தானே?"

"எனக்கு நேராக இருக்கிறதே?"

"தங்களிடம் தலைகாட்டாமல் ஒளிந்திருந்தது. ராணியின் வழியிலும் ஒன்று ஒளிந்திருக்கவேண்டும். இரண்டும் சேர்ந்ததும் பேரனிடம் வெளியே வந்துவிட்டது."

மன்னர் இறங்கிவந்து அந்தக் குட்டி விரலைப் பிடித்துப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. உத்தரவு அங்கேயே ரத்தாயிற்று.

உத்தமராயன் மெதுவாக நழுவப் பார்த்தான்.

"சற்று நில்லுங்கள் ஐயா" என்றான் நாகலிங்கன். "தங்கள் தோளிலும் ஊசி. தங்கள் அப்பா தோளிலும் ஊசி. தங்கள் பிள்ளைக்கு மட்டும் பிறவி யாளி. இந்தக் குலத்தில் யாருக்குமே பிறவியில் இல்லாதது, எந்த வழியாக வந்தது? வீட்டம்மாவிடம் கேட்டுவர ஆள் அனுப்பட்டுமா?"

உத்தமராயன் அவசரமாகத் திரும்பிவந்தான்.

"ஆள் எதற்கு? நான்தான் குத்தினேன். என் கையாலேயே குத்தினேன். ஊசிகூட மெத்தைக்கடியில் இருக்கிறது, கொண்டுவந்து காட்டட்டுமா?"