ஒழுகிய தோல்பை

முன்னொரு காலத்தில், தன் நிழல் ஏன் தன்னைப் பின்தொடர்கிறது என்று விசாரித்த அரசன் ஒருவன் இருந்தான். பால் கொண்டுவந்தவன் முதலில் குடிக்க வேண்டும். குடித்து முடித்தால், ஏன் இவ்வளவு ஆசையாகக் குடித்தாய் என்று கேட்பான்.

அவன் நாட்டில் அறுவை வைத்தியம் கற்பிக்கும் கல்விச்சாலை ஒன்று இருந்தது. மாணவர்கள் முதலில் பூசணிக்காயை அறுத்துப் பழகுவார்கள். பிறகு கிழிந்த தோல்பையைத் தைத்து, அதில் நீர் ஊற்றிப் பார்ப்பார்கள். ஒரு சொட்டும் ஒழுகாத நாளில்தான் மனித உடலைத் தொட அனுமதி. அறுத்த காய்களெல்லாம் அரண்மனை மடைப்பள்ளிக்குப் போகும்.

ஒருநாள் இலையில் மறுபடியும் பூசணிக் குழம்பைக் கண்ட அரசனுக்கு ஓர் எண்ணம் வந்தது. அன்றே சபையைக் கூட்டினான்.

"நம் பூசணியில் பழகியவர்கள் அயல்நாட்டுச் செல்வர்களைத் தேடி ஓடுகிறார்கள். இனிக் கற்பிக்க ஒருவனும் இல்லை. இவ்வாண்டு படிப்பை முடிக்கும் ஐவரில் யார் பிறருக்குக் கற்பிப்பான்? எனக்கு இப்போதே தெரிய வேண்டும்."

தலைமை வைத்தியர் மருதங்கிழார் எழுந்தார். "அரசே, ஆதன் என்றொரு மாணவன்..."

"உமது மருமகன் அல்லவா?"

மருதங்கிழார் அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிட்டு, தூண் ஓரம் நின்ற விகடகவி வேம்பனைப் பார்த்தார். வேம்பனின் கேலியால் அவர் பலமுறை சபையில் கூனிக் குறுகியிருக்கிறார். "முகம் பார்த்தே மனம் அறிபவர் வேம்பன். அவரே சொல்லட்டும், அரசே. வெறும் வாயால் அல்ல. வரப்போவதைத் தங்கள் கண்முன் காட்டட்டும்."

அரசன் தலையசைத்தான். "மூன்றாம் நாள் காட்டு, வேம்பா. காட்ட முடியாவிட்டால் என் எல்லையைத் தாண்டிப் போய்விடு."

அன்றே மாணவர் விடுதிக்கு ஒற்றர்கள் போனார்கள். வந்தவர்கள் ஒற்றர்கள் என்பது மாணவர்களுக்குத் தெரிய அரை நாள்கூட ஆகவில்லை. மறுநாள் நால்வர் கையில் சுவடி இருந்தது. ஒருவன் அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தான். கற்பிப்பதே தங்கள் மூச்சு என்று நால்வரும் ஒரே சொற்களில் சொன்னார்கள். ஐந்தாமவனான சாத்தன் மட்டும் கிணற்றடியில் தோல்பை கழுவிக்கொண்டிருந்தான்.

வேம்பன் அவனருகே போய் உட்கார்ந்தான். "நீ என்ன செய்யப் போகிறாய், தம்பி?"

"ஊருக்குப் போறேண்ணே. எங்க கடக்கரையில சுறா கடிச்சா தைக்க ஆளில்ல."

"ஒற்றர் கேட்டபோதும் இதையேதான் சொன்னாயா?"

"கேட்டாங்க. சொன்னேன்."

வேம்பன் சும்மா இருக்காமல் அங்கே கிடந்த ஊசியை எடுத்து ஒரு கிழிந்த பையில் குத்தினான். சாத்தன் சட்டென்று அவன் மணிக்கட்டைப் பிடித்தான். "ஐயோ, அப்படிக் குத்தாதீங்க!" என்று தொடங்கியவன், வெயில் சாயும்வரை நிறுத்தவில்லை.

அதன்பின் வேம்பன் வீடு திரும்பினான். வீட்டு வாசலில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்தான். மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். அவன் எழவில்லை. நாடு கடத்தப்படுவதை எண்ணிக் கலங்குகிறான் என்று ஊர் பேசியது.

மூன்றாம் நாள் இரண்டு கிழிந்த தோல்பைகளோடு சபைக்கு வந்தான். மாணவர் ஐவரும் வரிசையாக நின்றார்கள். அனுமதியின்றி வாய் திறக்கும் மாணவனுக்குச் சவுக்கடி என்பது சபையின் சட்டம்.

வேம்பன் தரையில் உட்கார்ந்து முதல் பையைத் தைத்தான். ஊசி கோணலாக ஏறியது. நூல் தளர்ந்து தொங்கியது. நீர் ஊற்றியதும் அரசனின் கம்பளம் நனைந்தது. மருதங்கிழார் மீசைக்குள் சிரித்தார். வேம்பன் இரண்டாவது பையை எடுத்து, அதே தவற்றை இன்னும் நிதானமாகச் செய்தான். யாரும் அசையவில்லை. நூல் தோலில் உரசும் ஓசை மட்டும் கேட்டது.

"அப்படி இல்லண்ணே!"

சாத்தன் வரிசையைவிட்டு ஓடிவந்தான். காவலர் ஈட்டிகள் தாழ்ந்தன, அவன் கவனிக்கவில்லை. "ஊசியச் சாய்க்காதீங்கன்னு அன்னிக்கே சொன்னேனே! ரெண்டு ஓரத்தையும் சேத்துப் பிடிங்க. ஓரம் உள்ள மடிஞ்சா புண்ணு ஒட்டாது. எங்க, நீங்களே செய்யுங்க... ஆங், அப்படித்தான்!"

அரசன் கையை உயர்த்திக் காவலரை நிறுத்தினான். பையில் நீர் ஊற்றினார்கள். ஒரு சொட்டும் விழவில்லை.

"அரசே," என்றான் வேம்பன், "வரப்போவது எனக்குத் தெரியாது. யார் கற்பிப்பான் என்று கேட்டீர்கள். இதோ, கற்பிக்கிறான். கண்ணால் பாருங்கள்."

"சூழ்ச்சி!" மருதங்கிழார் கத்தினார். "இருவரும் முன்பே பேசிவைத்த நாடகம்!"

அரசனின் கண் சுருங்கியது. வேம்பனுக்குப் பின்னாலும் அவன் ஓர் ஒற்றனை அனுப்பியிருந்தான். அந்த ஒற்றன் முன்வந்து வணங்கினான். "கிணற்றடியில் ஒருமுறை பேசினார்கள், அரசே. தையல் பேச்சு மட்டும்தான். கேட்டுக் கேட்டு எனக்கே தைக்க வந்துவிட்டது."

அரசன் மருதங்கிழாரின் மருமகன் பக்கம் திரும்பினான். "ஊசி தவறாகப் போனது உனக்குத் தெரிந்ததா, ஆதா?"

"முதல் குத்திலேயே தெரிந்தது, அரசே."

"பிறகு ஏன் சொல்லவில்லை?"

"என்னை யாரும் கேட்கவில்லையே."

மருதங்கிழார் உட்கார்ந்துவிட்டார்.

"ஆனால் வேம்பா," என்றான் அரசன், இன்னும் சந்தேகம் தீராமல், "இந்தச் சாத்தன் ஊருக்குப் போகிறானாமே?"

"யார் இங்கே தங்குவான் என்று தாங்கள் கேட்கவில்லை, அரசே. அந்தக் கடற்கரையும் தங்கள் நாடுதான். அங்கேயும் ஒரு கல்விச்சாலை கட்டுங்கள். பாதிப் பூசணிக்காய் அங்கே போய்விடும். தங்கள் இலையிலும் குழம்பு மாறும்."

அரசன் சிரித்தான். சிரித்தது யாரென்று அவனே ஒருமுறை சுற்றும் பார்த்தான்.

கடற்கரையில் கல்விச்சாலை கட்ட ஆணை பிறந்தது. அரசன் முதல் பையைக் காட்டினான். "இந்த ஒழுகும் பையில் பொற்காசுகளை நிரப்புங்கள். வீடு சேரும்போது மிஞ்சுவது வேம்பனுக்கு."

வேம்பன் மறுபேச்சில்லாமல் உட்கார்ந்து, தன் பழைய தையலைப் பிரித்துவிட்டு, ஓரங்களைச் சேர்த்துப் பிடித்துப் புதிதாகத் தைத்தான். பையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

அரசன் மாடத்தில் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு காசும் விழவில்லை. வேம்பனின் பக்கத்தில் சாத்தன் கைகளை ஆட்டி ஏதோ விளக்கிக்கொண்டே நடந்தான்.