எட்டு மணிக்குப் பச்சைப் புள்ளி

“தம்பியை நீக்கிடலாம்னு இருக்கேனுங்க அம்மா.”

கொடுமுடியில் காவிரியைப் பார்த்தபடி இருக்கும் சின்ன ஆசிரமம். சொன்னவர் நல்லசிவம், சென்னிமலையில் போர்வைக் கடை வைத்திருப்பவர். அம்மா என்பவள் அவரைவிடப் பத்து வயது இளையவள். ஆனாலும் அங்கே வருகிற எல்லாருக்கும் அவள் அம்மாதான்.

அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

“எதுல இருந்து நீக்கறீங்க?”

“என்ற கேம் கணக்குல இருந்துங்க.”

நாற்பத்தேழு வயதில் வீடியோ கேம் ஆடுகிறவருக்கு ஆசிரமத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். கடையை அடைத்துவிட்டு வந்தால் அவருக்கு இருப்பவை இரண்டு. ஒன்று தியானம், இன்னொன்று கம்ப்யூட்டர். இரண்டிலுமே அவர் இன்னும் முதல் கட்டத்தைத் தாண்டவில்லை.

“எனக்கு விளங்கற மாதிரி சொல்லுங்க,” என்றாள் அம்மா.

“காசு கட்டி ஆன்லைன்ல வாங்கின ஆட்டங்கம்மா. எல்லாம் என்ற பேர்லதான் இருக்கும். குடும்பத்துல நாலஞ்சு பேரைச் சேர்த்துவிட்டா அவங்களும் அவங்கவங்க வீட்டுல இருந்தே விளையாடலாம்.”

“நல்ல ஏற்பாடு.”

“தம்பியை நானேதாங்க சேர்த்தேன். நல்லா இருந்தப்போ.”

“இப்ப?”

“பேச்சு வார்த்தை இல்லைங்க.”

அம்மா கீரையை உருவினாள்.

“போன வருசம் காங்கேயத்துல அவன் புது வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வெச்சான். பத்திரிகையில பங்காளி பேரெல்லாம் இருக்குது. மாமன் மச்சான் பேரெல்லாம் இருக்குது. கூடப் பொறந்தவன் நான் ஒருத்தன்தான். என்ற பேரு இல்லை.”

“ஏனாம்?”

“அச்சாபீசுல விட்டுட்டாங்களாம்.”

“விட்டிருக்கலாம்.”

“சரிபார்க்க வேண்டியது யாருங்க?”

அந்தக் கிரகப்பிரவேசத்துக்கு நல்லசிவம் போகவில்லை. அன்று முழுக்கக் கடையில் உட்கார்ந்து, மடித்த போர்வைகளையே மறுபடி மறுபடி மடித்தார்.

“அப்படிப்பட்டவன் என்ற கணக்குல வந்து தெனமும் விளையாடறானுங்க. சரியா எட்டு மணி. அவன் பேருக்குப் பக்கத்துல பச்சைப் புள்ளி வரும். ஏதோ விவசாய ஆட்டம். தக்காளி போடறான், மாட்டுக்குத் தண்ணி காட்டறான்.”

“நீங்க என்ன பண்ணுவீங்க?”

நல்லசிவம் கொஞ்சம் நெளிந்தார்.

“அதே ஆட்டத்தை நானும் திறப்பேனுங்க. திறந்தா அவனுக்கு ஒரு அறிவிப்புப் போகும். ‘உரிமையாளர் வந்துவிட்டார், ஐந்து நிமிடத்தில் மூடப்படும்’னு. அவன் வெளியே போயாகணும்.”

“உங்களுக்கு விவசாய ஆட்டம் பிடிக்குமா?”

“எனக்கு அந்த எழவெல்லாம் தெரியாதுங்க. அவன் போனதும் நானும் மூடிருவேன்.”

“தெனமுமா?”

“தெனமும் தொரத்தறேன், தெனமும் வர்றான். சூடு சொரணை இல்லாத பய.”

“வராத நாளே இல்லையா?”

“மாசியில ஒருநாள் வரலைங்க. காய்ச்சலா இருந்திருக்குது.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“விசாரிச்சேன்.”

“யாருகிட்ட?”

“அவனோட மினி பஸ்ஸுல கண்டக்டரா இருக்கற பையன்கிட்ட.” நல்லசிவம் காவிரிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “அதை விடுங்கம்மா. நீக்கிடட்டுங்களா?”

“நீக்குங்க.”

இத்தனை சுலபமாகச் சொல்லிவிடுவாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் தடுப்பாள், அதற்குப் பதில் சொல்லலாம் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தார். அத்தனையும் வீணாய்ப் போனது.

கைபேசியை எடுத்தார். கணக்கைத் திறந்தார். தம்பியின் பெயர் இருந்தது. அதற்குக் கீழே ‘நீக்கு’ என்றும் இருந்தது.

அப்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு ரத்தினசபாபதி. தனிக்கட்டை.

“அம்மா, மணி என்னங்க?”

அம்மா எழுந்து உள்ளே போய்ச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வந்தாள்.

“நாலே கால்.”

“நாலே காலா. சரிங்க.”

“மோர் குடிக்கறீங்களா?”

“இப்பத்தான் குடிச்சேன்,” என்றவர் மோரை வாங்கிக் குடித்தார். வெயிலைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார். கிளம்பிப் போனார்.

நல்லசிவம் அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவரு கையில கடிகாரம் கட்டியிருக்காருங்களே.”

“ஆமா.”

“ஓடுதுங்களா?”

“நம்ம கடிகாரத்தைவிட நல்லா ஓடும்.”

“அப்புறம் எதுக்கு இங்க வந்து மணி கேக்கறாரு?”

அம்மா கீரைக்குத் திரும்பினாள். ஒரு கொத்து முழுக்க உருவி முடித்துவிட்டுக் கேட்டாள்.

“அந்த விவசாய ஆட்டம் என்ன விலை?”

“தள்ளுபடியில வாங்கினா ஒரு பிரியாணி விலைதாங்க.”

“உங்க தம்பியால அதை வாங்க முடியாதா?”

“அவனுக்கென்னங்க, ரெண்டு மினி பஸ் ஓடுது. அவன் நெனச்சா...”

நல்லசிவம் நிறுத்திக்கொண்டார்.

அம்மா கீரையை அள்ளிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். திரும்பி வரவில்லை.

அவர் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

அன்று எட்டு மணிக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். பச்சைப் புள்ளி வந்தது. வழக்கம்போலக் கை மவுஸுக்குப் போனது. கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

தக்காளி போடட்டும் என்று நினைத்தார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டட்டும். இத்தனை மாதத்தில் ஒருநாள்கூட அந்தப் பயலை ஒரு விளைச்சல் எடுக்க விடவில்லையே என்று தோன்றியபோது மவுஸைக் கைக்கெட்டாத தூரத்துக்குத் தள்ளி வைத்தார்.

“சாப்பிட வர்றீங்களா இல்லையா?” என்று மனைவி கூப்பிட்டாள்.

“இரு, தம்பி விளையாடிட்டிருக்கான்,” என்றார்.

அவள் எட்டிப் பார்த்தாள். திரையில் ஆட்டம் எதுவும் இல்லை, ஒரு பச்சைப் புள்ளிதான் இருந்தது. சாப்பாட்டை மூடி வைக்கப் போய்விட்டாள்.

எட்டரை ஆயிற்று. பச்சைப் புள்ளி சட்டென்று அணைந்தது.

இன்று யாரும் துரத்தவில்லையே, ஏன் போய்விட்டான் என்று அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கைபேசி அடித்தது. ‘மகுடேசு தம்பி’ என்று வந்தது. ஒரு வருடமாக அந்தப் பெயர் அதில் வந்ததில்லை. அவரும் அதை அழித்ததில்லை.

எடுத்துக் காதில் வைத்தார்.

“அண்ணா.”

“ம்.”

“இன்னைக்கு ஏன் தொரத்தலை? உடம்புக்கு ஒண்ணுமில்லையே?”