எருமைகள் புல்லைச் சோதித்த கதை

ஒரு காட்டில், மரங்கள் வர மறுத்துவிட்ட பெரிய புல்வெளி ஒன்று இருந்தது. எருமைகள் அதைத் தினமும் மேய்ந்து குட்டையாக வைத்திருந்தன.

அங்கே தரையில் முட்டையிட்டு வாழ்ந்தது ஓர் ஆட்காட்டிக் குருவி. குட்டைப் புல்லில் யார் பதுங்கி வந்தாலும் அதற்குத் தூரத்திலேயே தெரிந்துவிடும். உடனே காடே கேட்கக் கத்தும். முட்டை தின்று வெகுகாலமான நரிக்கு இது பிடிக்கவில்லை.

நரி மயிலிடம் போனது. "புல் நாளுக்கு நாள் தேய்கிறது. அதைக் காக்க ஒரு கூட்டமைப்பு வேண்டும்."

"தலைவர் யார்?" என்றது மயில்.

"தோகை உள்ளவர்தான்."

"அப்படியானால் புல்லைக் காக்கத்தான் வேண்டும்."

நரி செயலாளர் ஆனது. எருமைகளையும் கூட்டாளிகளாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

"மேய்ச்சல் நம் மரபு, பெரியம்மா. அதை விடவே கூடாது," என்று மூத்த எருமையிடம் சொன்னது நரி. "காலையில் வாருங்கள். தலையைக் குனியுங்கள். வாயை அசையுங்கள். புல்லை மட்டும் தொடாதீர்கள்."

"சாப்பாடு?"

"அதைக் காட்டுக்குள் பார்த்துக்கொள்ளுங்கள்."

எருமை மெதுவாக யோசிக்கும் பிராணி. அது யோசித்து முடிப்பதற்குள் தீர்மானம் நிறைவேறிவிட்டது.

அன்று முதல் எருமைகள் வரிசையாக வந்து, குனிந்து, காற்றை மென்றுவிட்டுப் போயின. மான்கள் வேடிக்கை பார்த்துப் பாராட்டின. புல் முழங்கால் அளவு வளர்ந்தது, பிறகு வயிறு அளவு. மயில் மகிழ்ந்தது. நரி புல்லுக்குள் போனால் வால் நுனிகூடத் தெரியவில்லை.

ஒருநாள், அதே புல்வெளியில் கூடு வைத்திருந்த கௌதாரியின் முட்டைகள் காணாமல் போயின. நரியே இரங்கல் தீர்மானம் கொண்டுவந்தது. அதன் மீசையில் ஏதோ மஞ்சளாக ஒட்டியிருந்தது.

"அது என்ன, செயலாளரே?" என்றது கௌதாரி.

"மகரந்தம். புல்வெளியில் உழைத்தால் ஒட்டத்தான் செய்யும்."

மயில் அதைக் குறித்துக்கொள்ளச் சொன்னது.

ஆட்காட்டிக் குருவி தன் கூட்டுக்கு ஓடியது. முட்டைகள் பத்திரமாக இருந்தன. சுற்றிலும் புல் சுவர் போல நின்றது. நரி எந்தப் பக்கம் வந்தாலும் தெரியாது. அடுத்த கூட்டத்தில் குருவி எழுந்தது.

"தலைவரே, நம் புல் கசக்கிறதாம். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் மயில் சொல்லிச் சிரிக்கிறதாம்."

மயிலின் தோகை படபடத்தது. "என் தலைமையில் வளர்ந்த புல்லா?"

"தாங்களே ஒரு வாய் தின்று பார்த்துவிடலாமே."

"நான் புல் தின்பதில்லை."

"நானும்தான்," என்றது நரி அவசரமாக.

"சுவை தெரிந்த கூட்டாளி யாருமே இல்லையா?"

எல்லோரும் மூத்த எருமையைப் பார்த்தார்கள். அது பழக்கத்தில் காற்றை மென்றுகொண்டிருந்தது.

"ஒரே ஒரு வாய்," என்றது நரி.

எருமை ஒரு வாய் தின்றது. கண்ணை மூடிக்கொண்டு நின்றது. "இது நன்றாக இருக்கிறது. பக்கத்து வாயைப் பற்றி நான் எப்படிச் சொல்ல முடியும்?"

"ஒரு புல் கசந்தாலும் என் மானம் போகும். எல்லாவற்றையும் சோதியுங்கள்," என்றது மயில்.

"எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு நாக்கு. எல்லோரும் வர வேண்டியிருக்கும்."

"வரட்டும்."

மந்தை இறங்கியது. கூடுகள் இருந்த இடத்தில் காலைப் பார்த்து வைத்தது. மற்றபடி ஒரு புல்லையும் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டதாக விடவில்லை. கூட்டம் கலைந்த குழப்பத்தில் நரியைக் காணவில்லை. கடைசியில், ஆட்காட்டியின் கூட்டுக்கு அருகே ஒரு கொத்துப் புல் மட்டும் மிஞ்சியது. மூத்த எருமை அதை நோக்கி நடந்தது.

"இது நல்ல புல், பெரியம்மா. நானே பொறுப்பு," என்றது அந்தப் புல்.

"நீங்கள்தான் புல் தின்பதில்லையே, தம்பி," என்று சொல்லிவிட்டு எருமை அதையும் கடித்தது.

காது முதல் வால் வரை முழு நரி அங்கே நின்றது, ஒரு காலைக் கூட்டின் மேல் தூக்கியபடி. ஆட்காட்டி கத்திய கத்தலில் மான்கள் திரும்பின, மயில் ஓடிவந்தது.

"செயலாளரே, இங்கே என்ன வேலை?"

"புல்லைக் காத்துக்கொண்டிருந்தேன்."

"எந்தப் புல்லை?"

நரி சுற்றிலும் பார்த்தது. தூக்கிய காலை இறக்கிக்கொண்டு நடந்தது. காட்டின் எல்லை வரை ஒளிய இடமில்லை. அத்தனை பேரும் பார்க்க அவ்வளவு தூரமும் நடந்தே போனது. கௌதாரி கடைசி வரை கூடவே வந்து திட்டியது.

மயில் எருமையிடம் திரும்பியது. "புல் கசக்கிறதா இல்லையா?"

"அசை போட்டுக்கொண்டிருக்கிறோம், தலைவரே."

"எப்போது முடிவு சொல்வீர்கள்?"

"நாளைக்குக் கொஞ்சம் முளைக்கட்டும். அதையும் பார்த்துவிட்டுச் சொல்கிறோம்."

நீதி: மேய்பவரின் வாயைக் கட்டிப் புல்லைக் காக்க வருபவரிடம், புல்லுக்குள் அவருக்கு என்ன வேலை என்று முதலில் கேட்க வேண்டும்.