காலி இருக்கைக்கு ஒரு தட்டு

"பழைய கடையா, புதுக் கடையா? நீங்களே சொல்லிடுங்கம்மா."

வந்ததும் வராததுமாக நாச்சியப்பன் இதைத்தான் கேட்டான்.

பெண் துறவி சிஹோ மடத்து அடுக்களையில் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தார். அவனைவிடப் பத்து வயது சின்னவர். ஜப்பானில் அந்தத் துறைமுக ஊருக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்து, மனசு சரியில்லை என்றால் அவன் ஓடி வருவது இவரிடம்தான்.

"என்ன கடை?"

"சுஷிக் கடைம்மா. ஒண்ணு பழசு. மூணு தலைமுறையா நடக்குது. எட்டே பேர்தான் உட்கார முடியும். பெரியவர் ஒருத்தர் நம்ம கண்ணெதிரே சாதத்தைப் பிடிச்சு, மீனை மேலே வெச்சுத் தருவார். இன்னொண்ணு ஸ்டேஷன் பக்கம் புதுசா வந்திருக்கு. எல்லாமே மெஷின். திரையில தொட்டா போதும், பெல்ட்டுல தட்டு வந்து நிக்கும்."

"சாப்பிடத்தானே? ஏதாவது ஒண்ணுக்குப் போங்க."

"அவ்வளவு லேசா இல்லம்மா." அவன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். "உமையாள் பெட்டி கட்டிட்டா."

உமையாள் அவன் மனைவி. கல்யாணமாகிப் பதினொரு வருஷம். அவள் கத்தியிருந்தால்கூடத் தேவலை. நிதானமாகச் சொன்னாள்: சனிக்கிழமை சாயங்காலம் ஒரே ஒரு தடவை என்னை வெளியே கூட்டிட்டுப் போங்க. கடையை நீங்களே முடிவு பண்ணுங்க. திரும்பி வந்தப்புறம் இங்கேயே இருக்கேனா, காரைக்குடிக்குப் போறேனான்னு சொல்றேன்.

"தப்பான கடைக்குக் கூட்டிட்டுப் போனா என் கதை முடிஞ்சதும்மா. நெட்ல இருநூறு பேர் எழுதினதைப் படிச்சுட்டேன். பாதிப் பேர் இதுங்கிறான், பாதிப் பேர் அதுங்கிறான்."

பெண்டாட்டியைக் கேட்டிருக்கலாம், மனுஷன். கேட்கவில்லை. ஊர் பேர் தெரியாத இருநூறு பேரைக் கேட்டிருக்கிறான். இவனை என்னத்தைச் சொல்ல!

சிஹோ கத்தியைக் கீழே வைத்தார்.

"நாளைக்கு ரெண்டு கடைக்கும் போங்க. மத்தியானம் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. தனியாப் போங்க. போன் இங்கேயே இருக்கட்டும். சாப்பிட்டுட்டு வந்து சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை மத்தியானம், ஆபீஸில் வேலை என்று உமையாளிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுப் புதுக் கடைக்குப் போனான்.

வாசலில் ஆள் கிடையாது. ஒரு திரைதான். எத்தனை பேர் என்று கேட்டது. ஒன்றைத் தொட்டான்.

'இரண்டு பேர். உள்ளே வாருங்கள்' என்றது திரை.

அழித்துவிட்டு மறுபடியும் ஒன்றைத் தொட்டான். மறுபடியும் இரண்டு.

திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

"சனியன், புதுசுலயே கெட்டுப்போச்சு," என்று முனகிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தான். எதிரே இன்னொரு இருக்கை காலியாகக் கிடந்தது.

சூரை மீன் சுஷி ஒரு தட்டு கேட்டான்.

பெல்ட்டில் இரண்டு தட்டுகள் வந்தன. ஒன்று அவன் முன்னால் நின்றது. மற்றது கொஞ்சம் தள்ளிப் போய், காலி இருக்கைக்கு நேரே நின்றது.

அவன் தன்னுடையதை எடுத்துக்கொண்டான். அந்த இன்னொரு தட்டைத் தொடவில்லை. ஆனால் பீங்கானை மேசையில் மெதுவாக வைக்கிற சத்தம் கேட்டது.

சட்டென்று கண்களைத் திரையிலேயே நட்டுக்கொண்டான். இறால், கணவாய், முட்டை என்று பக்கம் பக்கமாகத் தள்ளினான். எதிர்ப்பக்கத்தில் யாரோ தேநீரை உறிஞ்சினார்கள். அவன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

எழுந்திருக்கும்போதுதான், போகிற போக்கில் அந்தத் தட்டு கண்ணில் பட்டது. காலியாக இருந்தது.

மெஷின் கடை ஆகாது என்று முடிவு கட்டினான். பேயோ பிசாசோ, பழைய கடையில் மனுஷராவது இருப்பார் அல்லவா? சாயங்காலம் மழையில் நனைந்துகொண்டே அங்கே போனான்.

பெரியவர் மட்டும்தான் இருந்தார். அவனைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு அவன் பக்கத்து முக்காலியைப் பார்த்தும் தலையசைத்தார்.

இரண்டு கிண்ணத்தில் தேநீர் வைத்தார்.

பெரியவர் கையை நனைத்து, சாதத்தை எடுத்து, இரண்டு சுஷி பிடித்தார். ஒன்றை அவன் முன்னால் வைத்தார். மற்றதைக் காலி முக்காலிக்கு முன்னால் வைத்தார். வைத்தவர் ஒரு கணம் நிதானித்து, அதை மட்டும் மறுபக்கமாகச் சாய்த்துத் திருப்பி வைத்தார்.

"எ... எதுக்கு அதைத் திருப்புறீங்க?"

"அவங்க இடது கைக்காரங்க," என்றார் பெரியவர். "டீ கிண்ணத்தை எந்தக் கையால எடுக்கிறாங்கன்னு முதல்ல பார்த்துக்குவோம். அந்தக் கைக்கு வாகா வைப்போம். எங்க அப்பா காலத்துப் பழக்கம்."

"யாரு... யாரு எடுத்தாங்க?"

பெரியவர் அவனை விநோதமாகப் பார்த்தார்.

"உங்ககூட வந்தவங்கதான்."

கழுத்தைத் திருப்ப அவனுக்குத் துணிச்சல் வரவில்லை. பெரியவரின் கைகளையே வெறித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஈர வளையல் குலுங்குவதுபோல ஒரு சத்தம். ஓரக்கண்ணில், பெரியவர் சுஷி வைத்த மரப்பலகை தெரிந்தது. சுஷி இல்லை. ஒரே ஒரு பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தது.

செருப்பை மாட்டினானோ இல்லையோ, எடுத்தான் ஓட்டம்.

சனிக்கிழமை விடிந்ததும் மடத்தில் வந்து விழுந்தான்.

"ரெண்டு கடையும் வேண்டாம்மா! ரெண்டுலயும் பேய் இருக்கு!"

நடந்ததையெல்லாம் கொட்டினான். சிஹோ சிரிக்கவில்லை. கடைசிவரை கேட்டார்.

"எந்தக் கைன்னு சொன்னார்?"

"இடது கைம்மா."

"உங்க மனைவி எந்தக் கையால சாப்பிடுவாங்க?"

"இது என்ன கேள்வி? வலது கைதான். எங்க ஊர்ல இடது கையால சாப்பிட்டா, சின்னதுலயே அடிச்சுத் திருத்திடுவாங்க."

"நான் ஊரைக் கேக்கல. நீங்க பார்த்திருக்கீங்களா?"

நாச்சியப்பன் யோசித்துப் பார்த்தான்.

பதினொரு வருஷம் அவள் பரிமாறியிருக்கிறாள். அவன் தின்றுவிட்டு எழுந்து போன பிறகுதான் அவள் தட்டெடுத்து உட்காருவாள். அவள் வைத்த குழம்பெல்லாம் நாக்குக்கு ஞாபகம் இருந்தது. அவள் சாப்பிடுகிற கை? எவ்வளவு முயன்றும் அது கண்ணுக்கு வரவில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது.

"அப்ப அங்கே வந்து உட்கார்ந்தது யாரும்மா?"

சிஹோ எழுந்து வாசலுக்குப் போனார். குனிந்து, அவன் செருப்பை எடுத்துத் தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்தார். போனைக் கையில் கொடுத்தார்.

நாச்சியப்பன் ஓடினான். உயிரோடு இருக்கிறாளா என்று ஒரு நினைப்பு குறுக்கே வந்தது. ஐயோ, அப்படியெல்லாம் இருக்கக் கூடாது, கூடவே கூடாது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடினான்.

வீட்டு வாசலில் பெட்டி நின்றது.

உள்ளே உமையாள் அவனுக்கு முதுகைக் காட்டியபடி, தனியாக உட்கார்ந்து ரசஞ்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இடது கையால்.

அவன் காலடியில் தரைப்பலகை கிறீச்சிட்டது. அவள் திரும்பக்கூட இல்லை. கையிலிருந்த கவளம் தானாக வலது கைக்கு மாறியது.

நாச்சியப்பன் அவளுக்கு எதிரே போய்த் தரையில் உட்கார்ந்தான்.

"உமையா, சாயங்காலம் வெளியே போகணும்ல? உனக்கு எந்தக் கடை பிடிக்கும்? உன்னைத்தான் நான் முதல்ல கேட்டிருக்கணும்."

உமையாள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். முகத்தில் கோபமே இல்லை.

"நேத்துதான் ரெண்டு கடைக்கும் போயிட்டு வந்தோமே," என்றாள். "ரெண்டு இடத்துலயும் நீங்க என் பக்கம் திரும்பவே இல்லையே."