நாமக்கோழி கொத்தாத கட்டம்

“‘போன மழைக்கு ஏழு முட்டை போச்சு. மதகு அடைச்சுக் கிடக்குன்னு மூணு தடவை சொல்லியாச்சு. இப்போ எட்டு முட்டை வச்சிருக்கேன். இதுவும் போச்சுன்னா நான் சும்மா இருக்க மாட்டேன்!’ இதுதானேம்மா உங்க புகார்? ஒரு எழுத்து விடாம வாசிச்சுட்டேன்,” என்றது கூழைக்கடா.

“வாசிச்சது போதும்! மதகை எப்போ சுத்தம் பண்ணுவீங்க?” என்று கத்தியது நாமக்கோழி.

“குறிச்சு வச்சுக்கிட்டோம்.”

“போன தடவையும் இதையேதான் சொன்னீங்க!”

“ஆமா. போன தடவை குறிச்சதும் அப்படியே பத்திரமா இருக்கு!”

கவுன்சில் உறுப்பினர்கள் எல்லாம் இறக்கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன.

இது நடந்தது ஆஸ்திரேலியாவில், கோதுமை வயல்களுக்கு நடுவே இருக்கும் ஒரு நகரத்தின் ஓரத்தில். அங்கே ஒரு பள்ளிக்கூடம். பள்ளிக்கூட வேலிக்குப் பின்னால் ஒரு குளம். நகரத்து மனிதர்கள் நாலு வருடத்துக்கு ஒரு தடவை அந்தப் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்று கவுன்சிலுக்கு ஓட்டுப் போடுவார்கள். வேலி வழியாக அதைப் பார்த்துப் பார்த்துக் குளத்துப் பிராணிகளும் தங்களுக்கென்று ஒரு கவுன்சில் வைத்துக்கொண்டன. மனிதர்களிடம் கற்றுக்கொள்ள நல்லது எத்தனையோ இருக்க, போயும் போயும் இதைப் பிடித்துக்கொண்டன!

அந்தக் கவுன்சிலுக்கு மேயர் கூழைக்கடா. இரண்டு தேர்தலாக அசையவில்லை. மதகில் குப்பை அடைத்திருந்தால் குளத்தில் தண்ணீர் வடியாது. தண்ணீர் வடியாவிட்டால் மீன் வெளியே போகாது. மீன் வெளியே போகாவிட்டால் கூழைக்கடாவின் பைவாய் என்றைக்கும் காலியாகாது. ஆனால் மழை பெய்தால் அதே தண்ணீர் ஏறிவந்து கரையோரக் கோரைக்குள் இருக்கும் கூடுகளை மூழ்கடிக்கும். அதைப் பற்றி மேயருக்கு என்ன? மேயர் கோரையிலா முட்டையிடுகிறது?

நாமக்கோழி விடுவிடுவென்று வீட்டுக்கு வந்தது. கறுத்த உடம்பு, வெள்ளை நெற்றி, சிவந்த கண். கோபம் வந்தால் அந்தக் கண் இன்னும் சிவக்கும். கூட்டில் அதன் புருஷன் எட்டு முட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தது.

“தேர்தல் வருது. நானே நிக்கப்போறேன்!” என்றது நாமக்கோழி.

“நில்லு. முட்டையை நான் பார்த்துக்கறேன். பொரிய இன்னும் பத்து நாள் இருக்கு. ஆனா மேகத்தைப் பார்த்தியா? தேர்தலும் மழையும் ஒண்ணாத்தான் வரும்போல. அதுக்குள்ள மதகு திறந்தாகணும்.”

“திறக்கும்!”

“வாயை மட்டும் கொஞ்சம்...”

“என்ன வாயை?”

“ஒண்ணுமில்லை,” என்று புருஷன் கண்ணை மூடிக்கொண்டது. அனுபவசாலி.

மேயர் தேர்தலுக்கு நாலு பேர் நின்றார்கள். ஒன்று கூழைக்கடா. ‘நிறைந்த குளம், நிறைந்த வயிறு!’ என்று கரையெல்லாம் தன் படத்தை நட்டு வைத்தது. யாருடைய வயிறு என்று அதில் எழுதவில்லை. இரண்டாவது வெள்ளைக் கொண்டைக்கிளி. ‘எல்லாருக்கும் தனித்தனிக் குளம்!’ என்று மரத்துக்கு மரம் அலறியது. மூன்றாவது வாம்பட். வளை தோண்டிப் பகலெல்லாம் தூங்கும் குண்டு மிருகம் அது. யாரோ அதன் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். அதற்கு இன்னும் தெரியாது. நான்காவது நம் நாமக்கோழி.

தேர்தல் அதிகாரி ஆமை. காகிதம் போல உரியும் மரப்பட்டைதான் ஓட்டுச் சீட்டு. அதில் நாலு கட்டம். ஆமை எல்லாரையும் கூட்டிவைத்து, மெதுவாக, ரொம்ப மெதுவாக, சட்டத்தைப் படித்தது.

“நாலு கட்டம். நாலு பேர். ரொம்பப் பிடிச்சவர் கட்டத்துல... ஒரு கொத்து. அடுத்தவருக்கு... ரெண்டு கொத்து...”

“ஐயோ, போதும் ஆமையண்ணே!” என்று குறுக்கே பாய்ந்தது நாமக்கோழி. “நாங்க என்ன இன்னைக்குக் காலையிலதான் முட்டையை உடைச்சுட்டு வெளியே வந்தோமா? பிடிச்சவருக்கு ஒரு கொத்து. புரிஞ்சுபோச்சு! வாங்கப்பா, வேலை கிடக்கு!”

கோரைக்காரர்களில் பெரும்பாலோர் அதன் பின்னாலேயே கிளம்பிவிட்டார்கள். மிச்சம் இருந்தவர்களுக்கு ஆமை மீதியைப் படித்தது. “அதுக்கடுத்து மூணு கொத்து. கடைசியா, பிடிக்காதவருக்கு நாலு கொத்து. நாலு கட்டத்துலயும் கொத்தணும். ஒண்ணு காலியா இருந்தாலும்... சீட்டு செல்லாது. ஓட்டுப் போட வராதவங்க ரெண்டு நாள் பாசி அள்ளணும்.”

அன்று முதல் நாமக்கோழி கால் ஓயாமல் அலைந்தது. கோரைக்கு உள்ளே இருக்கும் தாழைக்கோழி, வாத்து, நீரெலி எல்லாருக்கும் வீடு முழுகிய கதை இருந்தது. ஆளுக்கு ஆள் அழுதார்கள். ஆளுக்கு ஆள் சத்தியம் செய்தார்கள். தொண்ணூறு ஓட்டில் நாற்பத்தேழு கோரையிலேயே இருந்தது. பாதிக்கு மேல்! கணக்குப் பார்த்த கூழைக்கடாவுக்கு அன்று மீன் இறங்கவில்லை.

அதன் பக்கத்தில் எப்போதும் அரிவாள்மூக்கன் நிற்கும். ஊர்க் குப்பைத்தொட்டி எல்லாவற்றையும் அந்த வளைந்த மூக்கால் கிளறிப் பார்த்த அறிவாளி அது. மேயர் சிந்துகிற மீன்தான் அதற்குச் சாப்பாடு. அது கூழைக்கடாவின் காதில் ஏதோ சொன்னது. கூழைக்கடா முகம் மலர்ந்து, அப்புறம் அந்த முகத்தைக் கஷ்டப்பட்டு வாட வைத்துக்கொண்டு, நேராகக் கோரைக்கு நீந்தி வந்தது.

“நாமக்கோழியம்மா, ஒரு சின்ன வேண்டுகோள்.”

“என்ன?”

“முதல் இடம் உங்களுக்கு. சந்தோஷம். ரெண்டாவது, மூணாவது யாருக்கு வேணும்னாலும் குடுங்க. எனக்குக் கடைசி இடமாவது குடுக்கச் சொல்லுங்கம்மா. வயசான காலத்துல நாலாவது இடம்கூட இல்லாமப் போனா மானம் போயிடும்.”

கோரை முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது.

“உனக்கா? கடைசி இடமா?” நாமக்கோழி இறக்கையை விரித்தது. “என் ஏழு பிள்ளைகளைத் தண்ணிக்குக் குடுத்தவன் நீ! உன் பேருக்கு நேரா நான் அலகை வைக்கணுமா? வச்சா அலகு அழுகிப்போகும்! எல்லாரும் கேட்டுக்கோங்க! இவன் கட்டத்தை யாரும் தொடக்கூடாது! காலி! சுத்தமாக் காலி!”

“காலி! காலி!” என்று கோரை கூவியது.

“ஐயோ, இப்படிச் சொல்லிட்டீங்களே!” என்று விம்மிக்கொண்டே திரும்பிப் போனது கூழைக்கடா. முதுகு குலுங்கியது. அழுகையில்தான் குலுங்கியது என்று எல்லாரும் நம்பினார்கள்.

முக்குளிப்பான் ஒன்று மட்டும் நம்பவில்லை. சின்னப் பறவை. பக்கத்துக் கூடு. ஆமை படித்ததைக் கடைசி வரை இருந்து கேட்ட சில பேரில் அதுவும் ஒன்று.

“அக்கா, கோவிச்சுக்காதே. எல்லாக் கட்டத்துலயும் கொத்தணும்னு ஆமையண்ணன் சொன்னாரு. காலியா விட்டா செல்லாதாம்.”

“செல்லாதா? எனக்குத்தான் ஓட்டுன்னு குருடனுக்குக்கூடத் தெரியுமே, எப்படிச் செல்லாம போகும்?”

அப்போது பார்த்து அரிவாள்மூக்கன் குறுக்கே வந்தது. “சரியாச் சொன்னீங்க! மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற குளத்துல எங்க மாமா ஓட்டுப் போடறாரு. அங்கே ஒரு கட்டத்துல கொத்தினாலே போதும். மீதி உங்க இஷ்டம்!”

அது பொய் இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் அப்படித்தான் சட்டம். ஆனால் நாமக்கோழி ஓட்டுப் போடப்போவது இந்தப் பக்கம்.

“கேட்டியா?” என்றது நாமக்கோழி.

“அக்கா, அது அந்தக் குளம்! இங்கே பிடிக்காதவனைத்தான் அதிகமாக் கொத்தணும். நாலு கொத்து! நல்லா நறுக்கு நறுக்குன்னு நாலு! எனக்கு நினைச்சாலே அலகு ஊறுது.”

“உனக்கு மானம் ரோஷம் இருந்தா இப்படிப் பேசுவியா? அவனுக்கு இடம் குடுக்கறவ என் தங்கச்சியே இல்லை, போடி!”

முக்குளிப்பான் தண்ணீருக்குள் முங்கிவிட்டது.

தேர்தல் நாள் வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் மனிதர்கள் வரிசையில் நின்று, ரொட்டியில் சாஸேஜ் என்ற இறைச்சித் துண்டையும் வெங்காயத்தையும் சுருட்டித் தின்றுகொண்டே ஓட்டுப் போட்டார்கள். அவர்கள் கீழே போட்டதை எல்லாம் அரிவாள்மூக்கன் பொறுக்கி வந்து, இந்தப் பக்கம் வரிசையில் நின்றவர்களுக்கு விநியோகித்தது. “மேயரோட அன்பளிப்பு! மேயரோட அன்பளிப்பு!” வெங்காயம் மட்டும் தனக்கு என்று எடுத்துக்கொண்டது.

நாமக்கோழி தன் சீட்டில் தன் கட்டத்தில் ஒரு கொத்து, வாம்பட்டுக்கு இரண்டு, கொண்டைக்கிளிக்கு மூன்று கொத்தியது. கூழைக்கடாவின் கட்டத்தை ஒரு முறை முறைத்துப் பார்த்துவிட்டு, சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டது. உலகத்தையே ஜெயித்துவிட்ட நடை!

சாயங்காலம் எண்ணிக்கை. மேகம் கறுத்துத் தொங்கியது. ஆமை ஒவ்வொரு பட்டையாகப் பிரித்துத் தூக்கிக் காட்டியது.

“இது நாமக்கோழிக்கு. கூழைக்கடா கட்டம் காலி... செல்லாது.”

“என்னது?” என்றது நாமக்கோழி.

“இது நாமக்கோழிக்கு. கூழைக்கடா கட்டம் காலி... செல்லாது. இது கூழைக்கடாவுக்கு. நாலு கட்டமும் நிரம்பியிருக்கு... செல்லும். இது நாமக்கோழிக்கு. காலி... செல்லாது.”

பத்து, இருபது, முப்பது. செல்லாத குவியல் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் ஆமை கழுத்தை நீட்டி முடிவைச் சொன்னது. “செல்லாதது நாற்பத்தொண்ணு. செல்லுபடியானது நாற்பத்தொன்பது. அதுல வாம்பட் மூணு. நாமக்கோழி ஆறு. கொண்டைக்கிளி பதிமூணு. கூழைக்கடா இருபத்தேழு. பாதிக்கு மேலே வந்துடுச்சு. கூழைக்கடாவே மறுபடியும் மேயர்!”

“மூணு பேர் எனக்குப் போட்டிருக்காங்களா? எதுக்கு?” என்று அப்போதுதான் விழித்த வாம்பட் கேட்டது.

நாமக்கோழி பாய்ந்து போய்ச் செல்லாத குவியலின் மேல் நின்றது. “இது அக்கிரமம்! நாற்பத்தொண்ணும் எனக்குன்னு எழுதின மாதிரி இருக்கே! அந்தக் குளத்துல—”

“அந்தக் குளத்துல போய் நின்னிருக்கணும்,” என்றது ஆமை. “சட்டம் படிக்கும்போது நீங்கதானேம்மா வேலை கிடக்குன்னு போனீங்க? உங்களுக்கு மொத்தம் நாற்பத்தேழு. எல்லாம் செல்லுபடியாகியிருந்தா, கூழைக்கடாவுக்கு இருபத்தேழுதான். நான் உங்க பேரைத்தான் வாசிச்சிருப்பேன்.”

கொண்டைக்கிளி மரத்திலிருந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. “நான்கூட அவனுக்கு நாலு கொத்து கொத்தினேன்! பட்டையே கிழியப் பார்த்துச்சு! அவ்வளவு சுகமா இருந்துச்சு! நீ ஏன்மா சும்மா விட்டே?”

கூழைக்கடா இப்போது அழவில்லை. பைவாயைத் தட்டிக்கொண்டு மேட்டில் ஏறியது. “எனக்கு ஓட்டுப் போட்டவங்களுக்கு நன்றி. போடாதவங்களுக்கு அதைவிடப் பெரிய நன்றி! கடைசி இடம் கேட்டேன், குடுக்க மாட்டேன்னாங்க. எவ்வளவு பெரிய மனசு!”

முதல் துளி அதன் தலையில் விழுந்தது. அடுத்தது குளத்தில் விழுந்தது. பிறகு எண்ண முடியவில்லை. கூட்டம் கலைந்து ஓடியது. கோரைக்குள்ளிருந்து புருஷனின் குரல் கேட்டது. “தண்ணி கூட்டு விளிம்புக்கு வந்துடுச்சு! புல்லு கொண்டா! சீக்கிரம்!”

முக்குளிப்பான் ஒரு வாய்ப் புல்லோடு அந்தப் பக்கம் ஓடியது. நாமக்கோழியும் ஒரு வாய்ப் புல்லைப் பிடுங்கியது. இரண்டடி வைத்தது. அப்புறம் புல்லைக் கீழே போட்டுவிட்டு ஆமையிடம் திரும்பி வந்தது. அந்தச் சிவந்த கண்ணில் இப்போது கோபம் இல்லை.

“ஆமையண்ணே, அந்த நாற்பத்தொரு பட்டையையும் ஒரே ஒரு நிமிஷம் திருப்பிக் குடுங்கண்ணே. அவன் கட்டத்துல நாலே நாலு கொத்து கொத்திட்டு உடனே குடுத்துடறேன்.”

ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டுவிட்டது. வேறு யாரும் அங்கே இல்லை.

பிடிக்காதவனுக்குக் கடைசி இடம்கூடத் தர மாட்டேன் என்று வீம்பு பிடிக்கிறவர், முதல் இடத்தையே அவனுக்குத் தூக்கிக் கொடுத்துவிடுகிறார்.