யானைப்பாறை மன்றத்துக்கு ஒரு நீதிபதி

யானைப்பாறை மன்றம்தான் அந்தக் காட்டின் உச்ச நீதிமன்றம். அங்கே சொன்ன தீர்ப்புக்கு மேல் முறையீடு கிடையாது. அங்கே நீதிபதியாக இருந்த கிழட்டு யானை ஒருநாள் இறந்துபோயிற்று. அடுத்தவரை நியமிக்கும் உரிமை காட்டை ஆண்ட கொற்றி என்ற பெண்புலியிடம் இருந்தது.

கொற்றிக்கு அதில் ஒரு கணக்கு இருந்தது. ஓடைக்கரை முழுவதும் தனக்கே வேண்டும் என்று அவள் மான்களோடு வழக்காடிக்கொண்டிருந்தாள்.

முதலில் முள்ளம்பன்றியை அழைத்தாள். “உன்னை நீதிபதி ஆக்கினால் ஓடைக்கரை வழக்கில் என்ன சொல்வாய்?”

“இரண்டு பக்கமும் கேட்காமல் எப்படிச் சொல்வது, மகாராணி?”

“பதவி வேண்டாமா உனக்கு?”

“வேண்டும்தான். ஆனால் இதற்கு என்னிடம் பதில் இல்லை” என்று சொல்லிவிட்டு முள்ளம்பன்றி போய்விட்டது.

அடுத்து கீரி வந்தது. கேள்வி முடிவதற்குள், “கரை உங்களுடையதுதான், தாயே” என்றது. அன்று மாலையே அது பாறைமேல் ஏறி உட்கார்ந்தது. சொன்னபடியே தீர்ப்பும் சொன்னது. மான்கள் தண்ணீருக்காக மலையைச் சுற்றி நடந்தன. கொற்றி கரையில் காலை நீட்டிப் படுத்தாள்.

கோடையில் செந்நாய்க் கூட்டம் ஒன்று வந்து இறங்கியது. கொற்றி குட்டி போட்டிருந்த குகை தங்களுடையது என்றது. அத்தனை பேரோடு தனியாக மோத முடியாது. ஆனாலும் கொற்றி கலங்கவில்லை. மன்றம் இருக்கிறது, அதில் நம் ஆள் இருக்கிறான் என்று தைரியமாகப் போனாள்.

அவள் பேச ஆரம்பிக்கும் முன்பே, “குகை செந்நாய்களுக்கு” என்றது கீரி.

“உன்னை அங்கே உட்கார வைத்தவள் நான்!”

“அன்று நீங்கள் பலசாலி. இன்று அவர்கள் பலசாலிகள்” என்றது கீரி, நிமிர்ந்து பார்க்காமல்.

கொற்றி கேட்டு வாங்கிய குணம்தானே அது!

குட்டிகளைப் புதரில் ஒளித்துவிட்டு, மற்ற விலங்குகளிடம் போய் நின்றாள். “இது நியாயமா?” என்றாள்.

“மான்களுக்கு நடந்தது மட்டும் நியாயமா? முதலில் ஓடைக்கரையை விட்டு விலகு. பிறகு பேசுவோம்” என்றது காட்டெருமை.

கொற்றி விலகினாள். நீதிபதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையும் காட்டின் பொதுச்சபையிடம் விட்டுக்கொடுத்தாள். சபை கீரியை இறக்கிவிட்டு முள்ளம்பன்றியை ஏற்றியது; குகை வழக்கை மறுபடி விசாரிக்கவும் சொன்னது.

மறுவிசாரணைக்கு முன் கொற்றி பாறையடிக்குப் போனாள். ‘என் பக்கம்தானே?’ என்று கேட்க வாயெடுத்தவள், கேட்காமலே திரும்பி வந்தாள்.

முள்ளம்பன்றி இரண்டு தரப்பையும் பொறுமையாகக் கேட்டது. “குட்டிகள் பிறந்த குகை புலிக்கு. இதுவரை புலி மட்டும் வேட்டையாடிய தெற்குச் சரிவில் இனி செந்நாய்களும் வேட்டையாடலாம். அதைப் புலி தடுக்கக் கூடாது” என்றது.

செந்நாய்கள் உறுமின. ஆனால் தீர்ப்புக்குப் பின்னால் காடே திரண்டு நின்றது. யானைகளையும் எருமைகளையும் பார்த்துவிட்டு அவை சரிவை நோக்கி நடந்தன. தெற்குச் சரிவு தனக்கு மட்டும் என்று இல்லாமல் போனதில் கொற்றிக்கு வருத்தம்தான். இருந்தாலும் குட்டிகளைக் கவ்விக்கொண்டு போய்க் குகையில் நிம்மதியாகப் படுத்தாள்.

நமக்குச் சாதகமாக வளைகிறவரை நீதிபதி ஆக்கினால், நமக்கே நியாயம் தேவைப்படும் நாளில் அவர் வேறொருவருக்காக வளைந்து நிற்பார்.