குலுக்கி ஊற்றிய தண்ணீர்

ஒரு பொறியியல் கல்லூரியில் பேராசிரியர் திருஞானம் வைத்ததுதான் சட்டம். கண்ணுக்கே தெரியாத செம்புப் பொடியைத் தண்ணீரில் கலந்து, "இது வெறும் தண்ணியைவிட ரெண்டு மடங்கு வேகமா சூட்டைக் கடத்தும்" என்று வந்திருந்த நிபுணர்களிடம் நெஞ்சை நிமிர்த்தினார்.

பொடித் தண்ணீரை நன்றாகக் குலுக்கி ஒரு தொட்டியில் ஊற்றினார். வெறும் தண்ணீரை மெதுவாக இன்னொன்றில் ஊற்றினார். இரண்டுக்கும் ஒரு ஓரத்தில் சூடு வைத்ததும், மறு ஓரத்தில் பொடித் தண்ணீரின் வெப்பமானிதான் முதலில் ஏறியது.

கண்ணாடிச் சாமான் கழுவும் மாரிக்கொழுந்து சிரித்துவிட்டாள்.

"என்னம்மா சிரிப்பு? வெறும் தண்ணியை இதே வேகத்துல சூடேத்திக் காட்டு. முடியலேன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே!"

"சரிங்க சார்."

வெறும் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்தாள். அவரைப் போலவே குலுக்கு குலுக்கென்று குலுக்கி ஊற்றினாள். ஓரத்தில் சூடு வைத்ததும், மறு ஓரத்து வெப்பமானி பொடித் தண்ணீருக்கு ஏறிய அதே வேகத்தில் விறுவிறுவென ஏறியது.

"பொடி அடியில தங்கிடும்னு அதை மட்டும் குலுக்கினீங்க சார். சுழல்ற தண்ணி சூட்டையும் இழுத்துக்கிட்டுத்தானே ஓடும்? தினமும் பிள்ளைக்கு வெந்நீர் விளாவுற எனக்குத் தெரியாதா?"

நிபுணர்கள் இரண்டு தண்ணீரையும் அசைவு அடங்க விட்டு, மறுபடி சூடு வைத்துப் பார்த்தார்கள். பொடித் தண்ணீர் கடுகளவுதான் முந்தியது.

"இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்று முனகினார் பேராசிரியர்.

"கழுவத்தானே சார் கூப்பிட்டீங்க, யோசனை கேக்கக் கூப்பிடலையே!"

மறுநாளும் அவள் வேலைக்கு வந்தாள். பாட்டிலைக் கையில் எடுத்த பேராசிரியர், குலுக்கும் முன் அவள் முகத்தைத்தான் பார்த்தார்.